மூட்டில் மூண்ட தீ நெஞ்சை எட்டிய வரலாறு



மலர்க் குழுவினர் இவ்வாண்டும் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் கேட்டபோது, உடையார்பாளையம் ஜமீன் காலத்து வணிகர்களைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணியிருந்தோம். இடையில் நம் மஹல்லாவில் நிகழ்ந்த ஒரு மரணம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

மறைந்தவர் நாற்பத்து மூன்று வயதுச் சகோதரி. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சரவாங்கியால் துன்புற்றவர். விரல்கள் கோணிய பின்னரும் தையல் எந்திரத்தை விடாமல் மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். மெலிந்த உடல், சர்க்கரை நோய் இல்லை. ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பின் அவருடைய அண்ணன் எம்மிடம் வந்து, "ஹஜ்ரத், தங்கச்சிக்கு ரெண்டு நாளா நெஞ்சைக் கரிக்குதாம், தாடையெல்லாம் வலிக்குதுங்குது, ஓதிக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்றார். நாம் ஓதிக் கொடுத்தோம். அத்தோடு நின்றிருக்கலாம். "வாயுவாக இருக்கும், ஓமம் கொதிக்கவைத்துக் கொடுங்கள்" என்றும் சொல்லி அனுப்பினோம். மறுநாள் ஃபஜ்ருக்கு முன்பே அவர் காலமானார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர். "பன்னிரண்டு வருடம் மூட்டு வாதம் இருந்தவர் நெஞ்சு வலி என்றால் உடனே அனுப்பியிருக்க வேண்டாமா?" என்று அவர் கேட்ட கேள்வி எம்மை விட்டு நீங்கவில்லை. மூட்டுக்கும் நெஞ்சுக்கும் என்ன உறவு என்பதே நமக்கு அதுவரை தெரியாது. நாம் மருத்துவர் அல்லோம். எனினும் தெரிந்துகொள்ள முயன்றோம். அந்த உறவைக் கண்டறிய மனிதகுலம் எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் என்பதைப் படித்தறிந்தபோது வியப்புற்றோம். அந்த வரலாற்றில் நம் வட்டாரத்து வயல்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பது அதனினும் வியப்பாக இருந்தது.

அழல், லஹப், வரம்

உடலில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதை இன்றைய தமிழ் மருத்துவ நூல்கள் அழற்சி என்கின்றன. அழல் என்றால் தீ. இன்றைய அரபு மருத்துவர்கள் இதனை 'இல்திஹாப்' என்பர். அது 'லஹப்' என்னும் சொல்லின் வழி வந்தது. லஹப் என்றால் தீச்சுவாலை என்பது மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். இலத்தீன் மொழியிலும் இதற்கான சொல் தீயிலிருந்தே பிறந்திருக்கிறது. மூன்று மொழிகளிலும் ஒரே உவமையே அமைந்திருக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்னும் நான்கு குறிகளையும் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே உரோமாபுரியின் செல்சஸ் எழுதிவைத்தார்.

நம் முன்னோர் ஹகீம்கள் வீக்கத்தை 'வரம்' என்றனர். (தமிழ்ச் செவிக்கு இச்சொல் வேறு பொருள் தரும், நோயாளியிடம் சொன்னால் மகிழ்ந்துவிடுவார்.) இப்னு ஸீனா அவர்கள் (980-1037) தமது 'அல்கானூன் ஃபித் திப்' நூலில் வீக்கங்களைப் பற்றி விரிவாகவே பேசுகின்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் ஜெரார்டு என்பவரால் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல், பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக விளங்கியது. 'நிக்ரிஸ்' என்னும் கால்விரல் வாதத்துக்கும் மூட்டு வலிகளுக்கும் அதில் சொல்லப்படும் மருந்துகளுள் ஒன்று சூரிஞ்சான் என்னும் கிழங்கு. ஆறாம் நூற்றாண்டிலேயே, இன்றைய துருக்கியைச் சேர்ந்த திராலஸ் ஊரின் அலெக்சாண்டர் என்னும் மருத்துவர் இதனை வாதத்துக்குக் கொடுத்திருக்கிறார். யூனானிக் கடைகளில் இன்றும் 'மஃஜூன் சூரிஞ்சான்' கிடைக்கின்றது. சூரிஞ்சானில் இனிப்பு, கசப்பு என இரு வகை உண்டு. கசப்பு வகையில் நஞ்சு உண்டு என்பதை ஹகீம்கள் அறிந்தே வைத்திருந்தனர். இந்தக் கிழங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.

இருவர் வழக்கு

இதயக் குழாய் நோய்க்கும் அழற்சிக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் துணிந்து சொன்னவர் ஜெர்மானியரான ருடால்ஃப் விர்ச்சோ. தடித்துப்போன இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அவர், குழாயின் உட்சுவரில் நிகழ்வது அழற்சியே, கொழுப்புச் சேர்வது அதன் தொடர்ச்சி என்று 1856இல் எழுதினார். வியன்னாவின் ரொக்கிட்டான்ஸ்கி இதனை மறுத்தார். இரத்தத்திலிருந்து படியும் பொருள்களே முதற்காரணம், அழற்சி பின்னால் வருவது என்பது அவர் கட்சி. இரு பெரும் அறிஞர்களின் இவ்வழக்கு அவர்கள் காலத்தில் தீரவில்லை.

1913இல் ரஷ்யாவின் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிராலைத் தீனியாகக் கொடுத்து, அவற்றின் குழாய்களில் கொழுப்புத் திட்டுகள் உண்டாவதைக் காட்டினார். அதன்பின் உலகின் கவனம் கொழுப்பின் பக்கமே சாய்ந்தது. அது பிழையன்று, கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் எத்தனையோ உயிர்களைக் காத்துவருகின்றன. ஆனால் 'எண்ணெய் குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு நெஞ்சு நோய் வராது' என்று நம்மைப் போன்றோர் உறுதியாக நம்பியதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்.

இதற்கிடையில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் மெச்னிகோவ் என்னும் ரஷ்ய அறிஞர், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது அலைந்து திரியும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் காவலணுக்கள் உடலில் உண்டு என்பது அன்று புலனாயிற்று. 1908இல் அவருக்கும் ஜெர்மனியின் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. உடலின் காவல் உடலையே தாக்காதவாறு இயற்கையில் ஒரு தடை இருக்கவேண்டும் என்பது எர்லிக்கின் கருத்து. அவர்மீதிருந்த மதிப்பினால், காவலன் வீட்டுக்காரரையே அடிப்பதும் உண்டு என்னும் உண்மையை மருத்துவ உலகம் ஏற்க அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒரு கேள்வியை மூடிவைக்கும் பழக்கம் மதரஸாக்களில் மட்டும் இல்லை என்பது இதனால் தெரிகின்றது.

1956இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் விட்டெப்ஸ்கியும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். முயலின் தைராய்டுச் சுரப்பிச் சாற்றை முயல்களுக்கே ஊசி வழி செலுத்தியபோது, அவற்றின் காவலணுக்கள் தத்தம் சுரப்பியைத் தாக்கின. அதே ஆண்டில் லண்டனில், தைராய்டு நோயாளிகளின் இரத்தத்தில் அவர்களுடைய சுரப்பிக்கே எதிரான பொருள்கள் இருப்பது கண்டறியப்பட்டது. இவ்வாறாகத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்னும் ஓர் இனம் ஏற்கப்பட்டது. சரவாங்கி எனப்படும் முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ் ஆகியவை இவ்வினத்தில் வைத்து எண்ணப்படுகின்றன. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பிடிக்கும். லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். நம் மாநிலத்தில் இந்நோய்களுக்கெனத் தனித் துறையைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1970களில் உருவாக்கியவர் பேராசிரியர் ஏ. என். சந்திரசேகரன். அதுவரை 'வாதம்' என்னும் ஒற்றைச் சொல்லில் அடங்கிக் கிடந்த பல நோய்கள் அதன்பின்னரே இங்குத் தனித்தனியாகப் பெயர் பெற்றன.

டொரண்டோவில் தென்பட்ட இரண்டாம் அலை

இரண்டு கதைகளும் ஒன்றையொன்று சந்தித்த இடம் கனடாவின் டொரண்டோ நகர மருத்துவமனை. முர்ரே உரோவிட்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் தம்மிடம் வந்த லூபஸ் நோயாளிகளின் மரணங்களை வரிசைப்படுத்தி 1976இல் வெளியிட்டனர். மரணங்கள் இரண்டு அலைகளாக வந்திருந்தன. நோய் தொடங்கிய சிறிது காலத்திலேயே இறந்தவர்கள் நோயின் உக்கிரத்தாலும் தொற்றுகளாலும் இறந்தனர். அதனைத் தாண்டிப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களோ மாரடைப்பால் இறந்திருந்தனர். நோய் அடங்கிவிட்டது என்று குடும்பத்தினர் நிம்மதி கொண்டிருந்த காலத்தில் வந்த மரணங்கள் அவை.

1997இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சூசன் மான்சி குழுவினர் 498 லூபஸ் பெண்களின் கணக்கை எடுத்தனர். 35 முதல் 44 வயது வரையுள்ள பெண்களில், லூபஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அந்நோய் இல்லாதவர்களைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் இருந்தது. மாதவிடாய் நிற்காத வயதில் பெண்ணுக்கு நெஞ்சு நோய் வராது என்று வழக்கமாகச் சொல்லப்படும் வயது அது. முடக்குவாதத்தில் இவ்வளவு கடுமை இல்லை. எனினும் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு. ஆகவேதான் ஐரோப்பிய வாத நோய் மருத்துவர் சங்கத்தினர், ஒருவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிட்டபின், அவர் முடக்குவாதக்காரராயின் விடையை ஒன்றரையால் பெருக்குங்கள் என்று அறிவுறுத்தினர்.

இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சற்று நிதானமாகக் காண்போம். இதற்கு விடையளித்தவர்களுள் முதன்மையானவர் சியாட்டில் நகரின் ரஸ்ஸல் ராஸ். பல் மருத்துவம் பயின்று பின்னர் குழாய் நோய் ஆய்வுக்கு வந்தவர். குழாய் தடித்தல் ஓர் அழற்சி நோயே என்று அவர் உறுதிபடத் தலைப்பிட்டு எழுதிய கட்டுரை 1999 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். விர்ச்சோவின் வழக்கில் இவ்வாறு 143 ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு எழுதப்பட்டது எனலாம். தீர்ப்பு இரு கட்சியினருக்கும் பாதிப் பாதி.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒற்றை அணு கனத்தில் ஒரு மெல்லிய விரிப்பு உண்டு. அது நலமாயிருக்கும்வரை வெள்ளணுக்கள் அதில் ஒட்டுவதில்லை. பீங்கானில் வழியும் நீர்போல் ஓடிவிடும். புகை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மிகுந்த கொழுப்பு இவற்றால் அவ்விரிப்பு கெடும்போது கொழுப்புத் துணுக்குகள் உள்ளே புகுகின்றன. அவற்றை அந்நியப் பொருளெனக் கருதி வெள்ளணுக்கள் பின்தொடர்ந்து நுழைகின்றன. மெச்னிகோவ் கண்ட அதே விழுங்கும் அணுக்கள்தாம். அவை கொழுப்பைத் தின்று தின்று, ஜீரணிக்க முடியாமல் நுரைத்து உப்பி, அங்கேயே மடிந்து குவிகின்றன. மடியுமுன் 'இங்கே தீ, இங்கே தீ' என்று கூவி வேறு அணுக்களை அழைக்கும் இரசாயனங்களைச் சுரக்கின்றன. குவியலின்மேல் உடல் ஒரு மூடியைக் கட்டுகின்றது. அழற்சி மிகும்போது அந்த மூடி அரிக்கப்பட்டு மெலிகின்றது. ஒரு நாள் கிழிகின்றது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கின்றது. பல மாரடைப்புகள், குழாய் மெல்ல மெல்லச் சுருங்கி மூடுவதால் அன்றி, சிறிய அடைப்பு ஒன்று திடீரெனக் கிழிவதால் வருபவை என்பதும் இதனால் விளங்கிற்று.

இனி முடக்குவாதக்காரரை எண்ணிப் பாருங்கள். அவருடைய மூட்டுகளில் காவலணுக்கள் ஆண்டுக்கணக்கில் அதே இரசாயனங்களைச் சுரந்துகொண்டிருக்கின்றன. அவை மூட்டோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றுகின்றன. எங்கோ அமைதியாகக் கிடக்கும் ஒரு கொழுப்புத் திட்டையும் விசிறிவிடுகின்றன. பக்கத்து வீட்டில் எரிவது நம் கூரைக்கும் ஆபத்து என்பது கூரை வீடுகளில் வளர்ந்த நம் தலைமுறைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அழற்சி மூண்டிருக்கும் காலத்தில் இரத்தக் கொழுப்பின் அளவு குறைந்து காணப்படும். 'கொலஸ்டிரால் நார்மல்' என்னும் காகிதத்தைக் கண்டு முடக்குவாதக்காரர் ஏமாந்துவிடக்கூடாது.

நம் வயல்களின் பங்கு

குழாயில் அழற்சி இருக்கிறது என்பது ஒன்று. அழற்சியைத் தணித்தால் மாரடைப்பு குறையுமா என்பது வேறொன்று. இதற்கான சோதனைகள் இந்நூற்றாண்டில் நடந்தவை. பால் ரிட்கர் தலைமையில், முன்பே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் கனாகினுமாப் என்னும் ஊசி மருந்து சோதிக்கப்பட்டது. கொழுப்பை அது தொடுவதேயில்லை. அழற்சி இரசாயனம் ஒன்றை மட்டும் தடுக்கும். 2017இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 15 விழுக்காடு அளவில் குறைந்திருந்தன. ஆனால் காவலைத் தளர்த்தினால் கள்வன் நுழைவான் என்றபடி, உயிர்கொல்லும் தொற்றுகள் சற்றே மிகுந்தன. விலையும் மிக அதிகம். ஆகவே அது நெஞ்சு நோய்க்கான மருந்தாக நிலைபெறவில்லை. முடக்குவாதத்துக்கு நாடெங்கும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை, முடக்குவாதம் இல்லாத இதய நோயாளிகளிடம் சோதித்தனர். 2018இல் வந்த முடிவு, பயனில்லை என்பது. எந்தத் தீயை எந்த நீரால் அணைப்பது என்பதில் இவ்வளவு நுட்பம் இருக்கின்றது.

அடுத்துச் சோதிக்கப்பட்டது கோல்ச்சிசின். நாம் மேலே குறித்த சூரிஞ்சான் கிழங்கின் இனத்திலிருந்து 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்டியேவும் கவாந்துவும் பிரித்தெடுத்த பொருளிலிருந்து அறியப்பட்ட மருந்து இது. வெள்ளணுக்களின் நடமாட்டத்தை இது முடக்குகின்றது. மாரடைப்பு வந்து முப்பது நாளுக்குட்பட்ட 4,745 பேரிடம் அரை மில்லிகிராம் அளவில் சோதித்த முடிவு 2019இல் வந்தது. மருந்து பெறாதோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கு நேர்ந்த தீங்கு, பெற்றோரில் ஐந்தரைப் பேருக்கு நேர்ந்தது. 2020இல் 5,522 பேரிடம் நடந்த மற்றொரு சோதனையும் பயன் உண்டென்றது. 2023 ஜூனில் அமெரிக்க அரசு இதனை இதய நோய்க்கும் அனுமதித்தது. 2024இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய சோதனையிலோ பயன் தென்படவில்லை. எனவே வழக்கு இன்னும் முற்றிலும் முடியவில்லை.

இந்தக் கோல்ச்சிசின் சூரிஞ்சானில் மட்டும் இல்லை. அதே குடும்பத்துத் தாவரமான செங்காந்தளில் அது இருப்பது 1915இலேயே கண்டறியப்பட்டது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்களின் வரிசையில் முதலில் நிற்பது அம்மலர். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் நாம் அழைக்கும் அதனை மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் போலவே நம் ஜெயங்கொண்டம் வட்டாரத்திலும் விதைக்காகப் பயிரிடுகின்றனர். கம்பிப் பந்தலில் கொடியேற்றி, காலை வேளையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து, காய் முற்றிய பின் பறித்து உலர்த்தி எடுக்கும் விதை வெளிநாடுகளுக்கும் மருந்துக்காகப் போகின்றது. அந்த விதை எங்கு போகிறது, எதற்குப் போகிறது என்று இத்தனை ஆண்டுகளில் நாம் ஒருவரையும் கேட்டதில்லை.

இதைப் படித்துவிட்டு எவரும் கிழங்கையோ விதையையோ வாயில் வைத்துவிடவேண்டாம். அது கொடிய நஞ்சு. நம் கிராமங்களில் அதனால் உயிர் மாண்டவர் உண்டு. கோல்ச்சிசின் மாத்திரையிலும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்க்கு இன்னும் குறைவு. மருத்துவர் எழுதித் தந்தாலன்றித் தொடலாகாது.

மூட்டு வலி உள்ள நம் வீட்டார்க்கு இவ்வரலாற்றிலிருந்து உடனே வேண்டுவன வேறு சில. மூட்டு நோய்க்குரிய மருந்தை வலி குறைந்ததும் நிறுத்திவிடுவதால் உள்ளே தீ அணைவதில்லை. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'வாத மாத்திரை'களில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். இரண்டு நாளில் எழுந்து நடக்கவைக்கும் அம்மாத்திரைகள், நாள்பட்டால் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் ஏற்றி நெஞ்சுக்கே கேடாகும். நம் சகோதரி நான்கு ஆண்டுகள் அதனைத்தான் உட்கொண்டார் என்பதை அவர் மறைந்த பின்னரே அறிந்தோம். வலி மாத்திரைகளும் அவ்வாறே. உலகெங்கும் விற்ற ரோஃபெகாக்சிப் என்னும் வலி மருந்து, மாரடைப்பை மிகுவிப்பதாகக் கண்டு 2004இல் திரும்பப் பெறப்பட்டது. முடக்குவாதமோ லூபஸோ சொரியாசிஸோ உள்ளவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வதும், 'எனக்கு இந்நோய் இருக்கிறது' என்று எந்த மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவதும் நலம். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்பதில்லை. தாடை வலி, முதுகு வலி, மூச்சு முட்டல், குமட்டல், இனம்புரியாத அயர்வு என்றும் வரும். அவ்வேளையில் ஓமத் தண்ணீர் தேட வேண்டாம், 108ஐ அழையுங்கள். ஓதித் தர எம்மிடம் வருவோர் வரட்டும். வண்டி வந்து சேரும்வரை ஓதிக்கொண்டிருப்போம்.

நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிப் பெண்கள் பகுதியில் வைக்கவேண்டும். மூட்டு நோயால் வேலைக்குச் செல்ல முடியாத சகோதரிகள் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவை பைத்துல்மால் கணக்கில் சேர்க்கவேண்டும். முதல் பெயராக மறைந்த சகோதரியின் மூத்த மகளை எழுதிக் கொடுத்துள்ளோம். அவளுக்கு வயது பத்தொன்பது. சென்ற மாதம் முதல் காலையில் விரல்கள் விறைத்துக்கொள்வதாக அவளுடைய மாமா வந்து சொன்னார்.